ஆடியில் நான் சாகவிட்ட காப்புரிமை

ஒரு மனிதனின் காப்புரிமையை நான் சாகவிட்டேன். தெரிந்தே!

மறதி, கைத்தவறு, கண் மங்கல், மழையில் நின்றுபோன ரயில்... இவற்றில் எதையும் எனக்குச் சாட்சியாக அழைக்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல் சொல்லிச் சாகவிட்டேன். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை என்று சாதித்து, ஒரு பெண்ணையும் சேர்த்துப் புதைத்தேன்.

படிக்க உட்கார்ந்திருக்கும் நீ, அதற்குள் முகத்தை இளக்கிக்கொள்ளாதே. ‘இப்போதாவது சொன்னாரே’ என்று உச்சுக்கொட்டாதே. உன் இரக்கம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீ நல்லவன் என்று நம்பி உன்னிடம் சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் ஒரு காப்புரிமை முகவரின் அலுவலகம். அங்கே எனக்கு வேலை, கெடு பார்ப்பது. வாழ்நாளின் பாதியை அந்த நாற்காலியில் தேய்த்தாயிற்று.

காப்புரிமை என்றால் ஒரு முறை வாங்கி பீரோவில் பூட்டி வைக்கும் பட்டயம் என்று நினைத்திருக்கிறாயா? இல்லை! அது மூச்சு விடும் பிராணி. எந்த நாட்டில் வாங்கினாயோ அந்த நாட்டில் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேதி தவறினால் ஆறு மாதம் பொறுப்பார்கள், அபராதத்தோடு கட்டலாம். அந்த ஆறு மாதமும் கடந்துவிட்டதா... முடிந்தது. யாரும் அழ மாட்டார்கள். தொலைதூரத்து அலுவலகம் ஒன்றில் ஒரு பதிவேட்டில் ஒரு வரி மாறும். அன்று முதல் உன் கண்டுபிடிப்பு ஊரார் சொத்து.

அந்த வரி மாறாமல் காப்பதுதான் என் தொழில். ஜப்பானில் விடியும்போது நான் விழித்திருக்க வேண்டும். ஜெர்மனியில் விடுமுறை என்றால் எனக்கு முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டும். போகாத நாடுகளின் நாட்காட்டிகளை மனைவியின் முகத்தைவிட நன்றாக அறிந்தவன் நான்.

இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு இன்னொரு நாட்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குஜராத்திக் கட்சிக்காரர்கள் முன்னோருக்குத் திதி கொடுக்கும் அந்தப் பதினைந்து நாளில் புதிய காகிதம் எதையும் தொட மாட்டார்கள். நம் ஆட்களுக்கு ஆடி. ஆகவே ஆனி பிறந்ததுமே தமிழ்க் கட்சிக்காரர் ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, ஆடிக்குள் விழும் கெடுக்களுக்கெல்லாம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுவேன். ஜெர்மனிக்காரனுக்கு ஆடி தெரியாது. ஆடிக்கு ஜெர்மனி தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு! இதற்கு யாரும் எனக்குக் காப்புரிமை தரவில்லை.

அந்த ஓர் ஆண்டு, அந்த ஓர் ஆளை மட்டும், நான் ஆனியில் அழைக்கவில்லை.

அவன் பெயர் முத்து. தாராவியில் பெட்டிப் பட்டறை. அப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவன்; மகன் சக்கரம் வைத்த பயணப் பெட்டி செய்தான். பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சக்கரம் உடைந்தால் குப்பைக்குத்தானே போகிறது? முத்து ஒரு சக்கரக் கூடு செய்தான். ஒரு நாணயத்தை அதன் வாயில் செருகித் திருப்பினால் உடைந்த சக்கரம் கையோடு வரும். புதியதை அழுத்தினால் உட்காரும். உள்துணியைக் கிழிக்க வேண்டாம், ஆணி பிடுங்க வேண்டாம். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்கிறேனே... கேட்டாயா என் வாயை! இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைச் சிறிதாக்கித்தான் சொல்ல வருகிறது.

அதற்கு ஜெர்மனியில் காப்புரிமை கிடைத்தது. அங்கே பெட்டி செய்யும் பெரிய கம்பெனி ஒன்று அந்தக் கூட்டுக்கு உரிமம் கேட்டுப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. “இந்தியாவுல எதுக்கு சாமி பேப்பரு? இங்க காப்பியடிக்கிறவன வெரட்ட பேப்பர் பத்தாது, நாய்தான் வேணும்” என்பான் முத்து. அவனுடைய எல்லாம் அந்த ஒரு நாட்டுக் காகிதத்தில் இருந்தது. புதுப் பட்டறை, மகளின் படிப்பு, மழைக்கு ஒழுகாத கூரை. எனக்கு இது தெரியும். தெரியாமல் செய்திருந்தால் நான் முட்டாள். தெரிந்து செய்ததால்... அந்தச் சொல்லை நீயே போட்டுக்கொள்.

ஏன் செய்தேன்?

அந்தக் காகிதம் வந்த நாளில் அதை அவனுக்குப் படித்துச் சொன்னவன் நான். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முகம் தெரியாத ஓர் அதிகாரி உலகத்துப் பழைய ஆவணங்களையெல்லாம் தோண்டித் தேடியிருக்கிறார். இவனுக்கு முன்னால் இதை ஒருவனும் செய்யவில்லை என்று கண்டிருக்கிறார். கடைசியில் எழுதியிருக்கிறார்: இது புதிது.

இது புதிது!

அந்த இரண்டு சொற்களைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவன் அதை மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டான். “சாமிக்குக் கண்ணு கலங்குதுல்லா!” என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். கையில் பசை வாடை.

நான் எழுதுகிறவன். கவிதையா உரையா என்று எனக்கே பிடிபடாத ஏதோ ஒன்றை, செம்பூர் வீட்டுக்கும் மாட்டுங்கா அலுவலகத்துக்கும் இடையே, ரயிலில், டயரி ஓரங்களில், முப்பது ஆண்டுகளாக எழுதுகிறவன். உலகம் முழுக்கத் தேடிப் பார்த்து, மூர்த்தி எழுதிய இந்த வரியை இதற்கு முன் எவனும் எழுதவில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாருமில்லை. தேடவே இல்லை! என் வீட்டிலேயே தேடவில்லை.

ஆனாலும் கைக்காசு போட்டு ஒரு தொகுப்பு கொண்டுவந்தேன். அலுவலகத்துக்கு வந்த முத்துவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அவன் அதை மதிக்க வேண்டும் என்றுதான். வேறென்ன!

அவன் முனிசிபாலிட்டிப் பள்ளியில் படித்த தமிழோடு, எழுத்துக் கூட்டிப் புரட்டினான். நாலைந்து பக்கம். பிறகு சிரித்தான்.

“சாமி, கோவிச்சுக்கிடாதிய. இதுல புதுசா என்ன இருக்கு? மழ இருக்கு. ரயிலு இருக்கு. ஒரு பொம்பள சன்னல்ல நிக்கா. எல்லாம் ஏற்கெனவே உள்ளதுதானே? ஜெர்மனிக்காரன்ட்ட அனுப்புனா, ‘போவே, இது பழசு’ன்னு திருப்பி அனுப்பிருவான்!”

அதோடு விட்டானா? எங்கள் முதலாளிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் சொன்னான். “சேட், இஸ்மே நயா க்யா ஹை?” அலுவலகமே சிரித்தது. குஜராத்தி முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பல் தெரிய!

‘புதிது, பழையது’ என்று பிரித்துப் பார்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நான் கொடுத்த கத்தியைத்தான் செருகினான். அவனுக்கு அது கத்தி என்றே தெரியாது. கேலி என்று நினைத்தான்; உறவு என்று நினைத்தான். தாராவியில் கேலி செய்யாதவனை யாரும் தன் ஆள் என்று எண்ணுவதில்லை.

ஆனால் அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அது உண்மை. அதுதான்... அதுதான் பொறுக்கவில்லை.

அந்த ஆண்டுக் கட்டணத்தை ஜனவரியிலேயே கட்டியிருக்க வேண்டும். முத்து எப்போதும் போல இழுத்தான். “லேட் பீஸ்தானே சாமி, போட்டுக்கிடலாம்” என்பது அவன் வழக்கம். கரண்ட் பில் போல, எப்போது போனாலும் அபராதம் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள் என்றே நினைத்திருந்தான். ஒவ்வோர் ஆண்டும் ஆனியில் நான்தான் அவன் கழுத்தில் துண்டைப் போட்டுக் கறப்பேன். அந்த ஆறு மாத அவகாசம் ஜூலைக் கடைசியோடு முடியும். ஆடியோ ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில்தான் விடும்.

ஆனி வந்தது. மற்றவர்களை எல்லாம் அழைத்தேன். அவன் பெயர் வரும்போது விரல் தாண்டிப் போயிற்று. நாளை, நாளை என்றேன். மறக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், திரும்பக் கேட்காதே. ஆனி முழுக்க அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடி பிறந்த அன்று காலை அழைத்தேன். கட்டச் சொல்வதற்காக அல்ல. கட்ட மாட்டான் என்று கேட்பதற்காக.

பட்டறை இரைச்சல். சுத்தியல், ரேடியோ, யாரோ யாரையோ இந்தியில் வைகிறார்கள்.

“என்ன சாமி, தூங்கிட்டியளா? ஆனியில கேட்டிருந்தா அப்பமே அடிச்சிருப்பம்லா! இன்னைக்கு ஆடி பொறந்துட்டு. இப்பப் போயிக் கேக்கியளே!”

அவனுக்கு ஆடி விளையாட்டில்லை. ஓர் ஆடியில் வாங்கிய பிரஸ் மெஷின் அவன் தம்பியின் விரல்களைத் தின்றிருந்தது. அன்று முதல் அவன் மனைவி செல்வி, ஆடியில் பட்டறைக்கு எந்தப் புதுக் காகிதமும் வரக்கூடாது, எதிலும் கையெழுத்து விழக்கூடாது என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்.

“வீட்டுல இவ விடமாட்டா சாமி. ஆவணி மொத நாளு நானே வந்து கட்டிருதேன். லேட் பீஸோட கட்டுனா போதும்லா?”

இங்கேதான். நன்றாகப் பார்த்துக்கொள்! இங்கேதான் ‘போதாது முத்து, ஆவணியில் எதுவும் மிச்சமிருக்காது’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் அம்மனுக்கு ஒரு தேங்காயை உடைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு அன்றே கட்டியிருப்பான். வைதுகொண்டே கட்டியிருப்பான்.

“போதும்” என்றேன்.

“டீக் ஹை. அப்பம் பாக்கி எல்லாம் ஒங்க கையில!”

அதற்குப் பிறகும் நாட்கள் இருந்தன. அவன் பட்டறை ஒன்றும் கடல் தாண்டி இல்லை. சயன் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம். ஜெர்மனியில் எங்களுக்காகக் கட்டணம் செலுத்தும் வழக்கறிஞர், கட்டவா, விடவா என்று கடைசி முறையாகக் கேட்டு எழுதினார். நான் பதில் எழுதவில்லை. தினமும் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். அதில் ஓர் இனிப்பு இருந்தது. என்னை நம்பி ஒருவனின் ‘புதிது’ தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் விரலை அசைத்தால் பிழைக்கும்... அந்த அதிகாரம்! எந்தக் கவிதையும் எனக்குத் தராத போதை அது.

ஜூலை முடிந்தது. மழை பெய்தது. ஆம், மழை. பழையதுதான்.

ஆவணி முதல் நாள் முத்துவும் செல்வியும் சேர்ந்தே வந்தார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில். அவள் தலை நிறையப் பூவோடு, கையில் இனிப்புக்கு ஒரு பேடா டப்பா. அவள் அலுவலகப் படியேறியது அதுதான் முதல் முறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரையெல்லாம் மரியாதையாகப் பார்த்தாள்.

“கெடு முடிஞ்சு போச்சு முத்து. போன மாசமே. இனிமே கட்ட முடியாது” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. “லேட் பீஸு...”

“லேட் பீஸுக்கும் தேதி உண்டு. அதுவும் முடிஞ்சுது.”

“நீங்க போதும்னியளே சாமி?”

ஒரு மனிதன் தன் வாழ்வில் எத்தனை முறை கீழே விழலாம்? நான் அந்த ஒரு நிமிடத்திலேயே இரண்டாம் முறை விழுந்தேன்.

“நானா? நான் எப்போ சொன்னேன்? ஆடிக்குள்ளேயே கட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீதான் ஆடி, ஆடின்னு குதிச்சே. இப்போ என் தலையில போடறியா?”

குரல் உயர்ந்தது. பொய்க்கு எப்போதும் சத்தம் வேண்டியிருக்கிறது.

முத்து என்னையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் தப்பித்திருப்பேன். வரவில்லை. அவன் தன்னையே சந்தேகப்படத் தொடங்கியது கண்ணில் தெரிந்தது.

செல்விதான் பேசினாள். மெல்ல, ஆனால் தெளிவாக. “சார், போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாவ. நானும் பக்கத்துல நின்னேன். இவுக போதுமான்னு கேட்டாவ. நீங்க போதும்னுதான் சொன்னிய.”

“ஏட்டி, வாய மூடு!” முத்து அவள் மேல் பாய்ந்தான். “சாமி பொய் சொல்லுவாரா? இத்தன வருசமா நம்ம பேப்பரக் காத்த மனுசன்! ஒன் ஆடிதான்டி தின்னுட்டு. ஒன் நேர்ச்சதான் தின்னுட்டு!”

என்னைக் கேலி செய்தவன், என் எழுத்தைப் பழசு என்றவன், என் சொல்லை மட்டும் மனைவியின் சொல்லைவிட உயரத்தில் வைத்திருந்தான். அது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நேராக. பிறகு பேடா டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுக் கணவனுக்குப் பின்னால் படியிறங்கினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் என்னைச் சினத்தில் அறிவிழந்தவன் என்று நீ மன்னித்துத் தொலைத்திருப்பாய். அதற்கும் இடம் கொடுக்க மாட்டேன். கேள்.

ஜெர்மன் வழக்கறிஞரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ஒழுங்காக நடக்கும் அலுவலகத்தில் ஓர் ஊழியரின் கைத்தவறால் கெடு தவறியிருந்தால், செத்த காப்புரிமையை எழுப்பச் சட்டத்தில் வழி உண்டு. அந்த ஊழியர், என்ன நடந்தது என்று சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அதற்கும் இரண்டு மாதம்தான் கெடு.

நம் பக்கம் ஏதும் தவறு உண்டா என்று முதலாளி கேட்டார். “மூர்த்தி பாய், ஹமாரா கோயி கல்தி?”

“நஹி சேட். பார்ட்டி கா டிசிஷன் தா.” இல்லை, கட்சிக்காரரே எடுத்த முடிவு என்றேன்.

தவறுதலாக நடந்தது என்று எழுதினால் போதும். வேலை போயிருக்கும், முத்து பிழைத்திருப்பான். தெரிந்து செய்ததைத் ‘தவறுதலாக’ என்று எழுதுவது பொய்ச் சத்தியம் ஆயிற்றே என்று எனக்கு அப்போது கூசியது! சிரிக்கிறாயா? சிரி. ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே பொய் சொன்னவனுக்கு, முகம் தெரியாத ஜெர்மனிக்காரனிடம் பொய் சொல்ல நாக்கூசியதாம். அந்த இரண்டு மாதமும் நான் உத்தமனாக இருந்தேன்.

ஒப்புக்கொள்வதற்கும் கெடு உண்டு. நீ இப்போது படித்துக்கொண்டிருப்பது, அந்தக் கெடு முடிந்த பிறகு நான் கட்டும் கட்டணம். இதை எந்த அலுவலகமும் வாங்காது. ரசீது கிடையாது.

கம்பெனி பேச்சை நிறுத்திக்கொண்டது. ஊரார் சொத்துக்கு யார் உரிமம் வாங்குவார்கள்? அந்தச் சக்கரக் கூட்டை இப்போது தாதர் நடைபாதையில் விற்கும் பெட்டியிலும் பார்க்கலாம். முத்து பட்டறையை விற்றுவிட்டு வேறொருவனுக்குக் கூலியாகப் பெட்டி செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். செல்வியோடு பேசுவதில்லை என்றும், ஒரே அறையில், ஒரே அடுப்புச் சோற்றில், மகள் வழியாகத்தான் பேச்சு என்றும் கேள்விப்பட்டேன்.

சில மாதங்களுக்கு முன் செம்பூர் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். தோளில் ஒரு பெரிய மூட்டை. பெட்டிக்குள் வைத்துத் தைக்கும் உள்துணி. கோவண்டியில் ஒரு பட்டறையில் தைக்கிறாளாம். என்னைக் கண்டதும் ஒதுங்குவாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்றும்... துப்பினால் நன்றாக இருக்கும் என்றும்.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சார், ஒங்களப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். அன்னைக்கு ஆபீஸ்ல, எல்லாருக்கும் முன்னால, ஒங்களப் பொய்க்காரரு மாதிரிப் பேசிட்டேன். இவுகளும் சொல்லிச் சொல்லிக் காட்டுனாவ. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நீங்க அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டிய. ஏன் சொல்லப் போறிய, ஒங்களுக்கு எங்க மேல என்ன பகை? நேர்ந்துக்கிட்டவ நாந்தானே... என் மேல பழி வந்துரக் கூடாதுன்னு என் மனசே அப்பிடி ஒண்ண உண்டாக்கிக்கிட்டு போல. மன்னிச்சிருங்க சார்.”

அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்: தான் கேட்டது உண்மை என்பது. அதையும் அவள் என் கையில் கொடுத்துவிட்டாள்.

பன்வேல் வண்டி வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் முண்டினார்கள். சொல்ல நேரமில்லை என்று சொல்ல மாட்டேன், நேரம் இருந்தது. மூச்சு இருந்தது. நாக்கு இருந்தது.

“பரவாயில்லைம்மா... நான் மனசுல வெச்சுக்கலை” என்றேன்.

மன்னித்தேன்! கேட்டாயா? நான் அவளை மன்னித்தேன். அவள் முகம் தெளிந்தது. கும்பிட்டாள். மூட்டையைத் தூக்கித் தோளில் ஏற்ற என்னையே ஒரு கை கொடுக்கச் சொன்னாள்.

கொடுத்தேன்.